ஹைபர்னேட், மைபேட்டிஸ், ஜூக்: ஜெனரேட்டரை இரண்டாம் முறை ஓட்டும்போது எது தாங்கும்?

ஜாவாவின் ஸ்பிரிங் பூட் சட்டகத்தைக் கொண்டு வலைச்செயலி எழுதுபவர்களில் பெரும்பாலோர் தரவுச் சேமிப்பு அடுக்கைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அது தானாக வந்து சேர்கிறது. ஸ்பிரிங் டேட்டா ஜேபிஏ ஸ்டார்ட்டரைச் சேர்த்தவுடன் அதன் அடியில் ஹைபர்னேட் வந்து அமர்ந்துவிடும். 2001-இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட், ஜாவாப் பொருள்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் முறையைச் சொல்லும், 2006-இல் வெளியான ஜேபிஏ வரையறையின் வடிவத்தையே பெரிதும் தீர்மானித்த நூலகம் என்பதால் அந்த இடம் அதற்கு உரியதுதான். ஆயினும், ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் ஒரு தரவுத்தளத்தின்மேல் செயலியைக் கட்டுபவர்களும், தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்புபவர்களும் மாற்றைத் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது முதலில் கண்ணில் படுபவை மைபேட்டிஸ், ஜூக் ஆகிய இரண்டு நூலகங்களும்.

இவற்றை வேகத்தை வைத்தும், வினவல் எழுதும் சுகத்தை வைத்தும் ஒப்பிடுவது வழக்கம். இந்த அலசல் அவற்றின் ஜெனரேட்டர்களை, அதாவது நமக்காக நிரலை எழுதித் தரும் கருவிகளை, வைத்து ஒப்பிடுகிறது. ஐம்பது அட்டவணைகள் கொண்ட செயலியில் ஒவ்வொரு அட்டவணைக்கும் கிளாஸ், ரெப்பாசிட்டரி, அடிப்படை வினவல்கள் ஆகியவற்றை யாரும் கையால் எழுதப்போவதில்லை. எந்த அடுக்கைத் தேர்ந்தாலும் நாம் நாள்தோறும் தொட்டுப் புழங்கப்போவது அதன் கருவி உருவாக்கித் தரும் நிரலைத்தான். முதல் முறை ஓட்டும்போது மூன்று கருவிகளுமே அழகாக வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து, இடையில் நாம் எழுதியவை எல்லாம் சேர்ந்த பிறகு, அதே கருவியை மீண்டும் ஓட்ட நேரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றே: உருவான கோப்பு யாருக்குச் சொந்தம், கருவிக்கா, நமக்கா?

ஓர் எளிய பில் செயலியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், பில், பில் உருப்படி என்று மூன்று அட்டவணைகள். பில் அட்டவணையில் ‘தொகை’ என்று ஒரு நெடுவரிசையும், ‘குறிப்பு’ என்று நீண்ட உரைக்கான ஒரு நெடுவரிசையும் இருக்கின்றன. சில மாதங்களுக்குப் பின் ‘தொகை’ என்பதை ‘நிகரத் தொகை’ என்று பெயர் மாற்றி, ‘வரித் தொகை’ என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும். அன்றாடம் நடக்கும் இந்தச் சிறு மாற்றத்தை மூன்று பாதைகளிலும் நடத்திப் பார்க்கலாம். மூன்றிலும் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஜேபிஏவும் ஜேஹிப்ஸ்டரும்

ஜேபிஏ பாதையில் மிக முழுமையான ஜெனரேட்டர், 2013-இல் ஜூலியன் டுபுவா தொடங்கிய ஜேஹிப்ஸ்டர். ஜேடிஎல் என்னும் சிறு மொழியில் பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் எழுதிக் கொடுத்தால் என்டிட்டி கிளாஸ், ரெப்பாசிட்டரி, வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ரெஸ்ட் கன்ட்ரோலர், லிக்விபேஸ் என்னும் கருவிக்கான தரவுத்தள மாற்றக் கோப்பு, சோதனைகள், ஆங்குலர் அல்லது ரியாக்ட் அல்லது வியூ திரைகள் ஆகிய அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் தந்துவிடும். திரை வரை போய்ச் சேரும் கருவி மூன்றில் இது ஒன்றுதான்.

இங்கே உண்மையின் இருப்பிடம், அதாவது அட்டவணை எப்படி இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மூலம், ஜேடிஎல் கோப்பு. அதில் பெயர் மாற்றம் என்ற கருத்தே இல்லை. ‘தொகை’ இருந்த இடத்தில் ‘நிகரத் தொகை’ என்று எழுதினால், ஒரு புலம் போனது, இன்னொரு புலம் வந்தது என்றுதான் கருவி புரிந்துகொள்ளும். மாற்றங்களை மட்டும் எழுதித் தரும் முறையில் லிக்விபேஸ் கோப்பை உருவாக்கச் சொன்னாலும், பழைய நெடுவரிசையை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் கட்டளை எழுதப்படும் வாய்ப்பே அதிகம். அதைப் படித்துத் திருத்தாமல் ஓட்டினால் அதுவரை சேர்ந்த பில் தொகைகள் அனைத்தும் போய்விடும். அந்தக் கோப்பை வரைவாக மட்டுமே கருதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜாவா கோப்புகளிலும் நிலைமை இதுவே. மீண்டும் ஓட்டும்போது, மாறியிருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ‘மேலெழுதட்டுமா’ என்று கருவி கேட்கும். ஆம் என்றால் நாம் சேர்த்தவை போகும், இல்லை என்றால் புதிய புலம் வராது. உருவான கோப்புகளைத் தொடாமல் நம் நிரலைப் பக்கத்தில் தனிக் கிளாஸ்களாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இதற்காகவே வந்தது. கட்டுப்பாடான குழுவில் அது நடக்கும். ஆனால் அதை மீறுபவரைக் கருவி தடுக்காது.

ஜேஹிப்ஸ்டருக்குள்ளேயே மாற்று அடுக்குகளும் உண்டு. மாங்கோடிபி, கசாண்ட்ரா, கவுச்பேஸ், நியோ4ஜே ஆகிய தரவுத்தளங்களையும் அது ஏற்கும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் வசதியும் அதே அளவில் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. கசாண்ட்ராவைத் தேர்ந்தால் பொருள்களுக்கிடையே உறவு வரையவே முடியாது. பில்லுக்கும் அதன் உருப்படிகளுக்கும் உள்ள தொடர்பை நாமே எழுதவேண்டும். இயல்பான அடுக்குக்காக வடிவமைக்கப்பட்ட ஒரு ஜெனரேட்டர், மாற்று அடுக்கில் எவ்வளவு கைவிடுகிறது என்பதைத் தொடங்கும் முன்பே சோதித்துப் பார்த்துவிடவேண்டும்.

மைபேட்டிஸ் ஜெனரேட்டர்

ஐபேட்டிஸ் என்ற பெயரில் அப்பாச்சியில் இருந்த திட்டம் 2010-இல் அங்கிருந்து வெளியேறி மைபேட்டிஸ் ஆனது. எஸ்க்யூஎல்லை நாம் எழுதுவோம், முடிவைப் பொருளாக மாற்றும் வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அதன் ஜெனரேட்டர் இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தோடு இணைந்து அட்டவணைகளைப் படிக்கும். அதாவது உண்மையின் இருப்பிடம் தரவுத்தளம். பெயர் மாற்றத்தை, தரவுத்தள மாற்றங்களை வரிசையாகப் பதியும் மைக்ரேஷன் கோப்பில் நாமே முறையாக எழுதியிருப்போம் என்பதால், ஜேடிஎல்லில் கண்ட தரவு இழப்பு ஆபத்து இங்கே எழுவதில்லை.

இதில் உருவாகும் நிரலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ‘இலக்கு’ பழையது, புதியது என்று இரண்டு உண்டு. அவற்றைப் பிரித்தே பேசவேண்டும். பழைய இலக்கு, வினவல்களைக் கொண்ட எக்ஸ்எம்எல் மேப்பர் கோப்புகளையும் நிபந்தனை கட்டுவதற்கான ‘எக்சாம்பிள்’ கிளாஸ்களையும் உருவாக்கும். மீண்டும் ஓட்டும்போது, தான் எழுதிய எக்ஸ்எம்எல் பகுதிகளைக் குறிப்புரையில் உள்ள அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடித்து நீக்கிவிட்டு, புதியவற்றை எழுதி, நாம் சேர்த்தவற்றை விட்டுவைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறிப்புரைகள் அசிங்கமாக இருக்கின்றன என்று யாரேனும் அவற்றை அணைத்துவிட்டால், எது தன்னுடையது என்று கருவிக்குத் தெரியாமல் போய், ஒரே வினவல் அந்தக் கோப்பில் இருமுறை வந்து நிற்கும். செயலி தொடங்கும்போதே விழும். ஜாவா கோப்புகளுக்கு அந்த இணைப்பு வசதியும் இல்லை: 1.4 வரிசையில் மேவன் என்னும் பில்ட் கருவி வழியாக ஓட்டினால் கோப்பு முழுதாக மேலெழுதப்படும், அல்லது பெயரின் இறுதியில் ஓர் எண்ணோடு புதிய கோப்பு பக்கத்தில் உருவாகும்.

நம் ‘குறிப்பு’ நெடுவரிசை இங்கே ஒரு கண்ணியாகிறது. மைஎஸ்க்யூஎல்லின் நீண்ட உரை வகையைப் பழைய இலக்கு பிளாப் என்னும் பெரிய தரவுத் துண்டாகக் கருதும். எனவே நிபந்தனை கொடுத்துத் தேடும் சாதாரண மெத்தட் அந்த நெடுவரிசையை எடுத்துவராது. அதற்கென்று தனி மெத்தட் இருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. திரையில் குறிப்பு மட்டும் வெறுமையாக இருக்கும். புதிதாகக் குழுவில் சேர்பவர் தரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு தரவுத்தளத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

மைஎஸ்க்யூஎல் இணைப்பியின் எட்டாம் பதிப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே சர்வரில் இரு தரவுத்தளங்களில் ஒரே பெயருள்ள அட்டவணை இருந்தால், இணைப்பு முகவரியில் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தாலும் கருவி இரண்டையும் படித்துவிடும். கேட்டலாக் பெயர் (எந்தத் தரவுத்தளம் என்பது) தரப்படாவிட்டால் நடப்புத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளும் அமைப்பு, முந்தைய பதிப்பில் தானாகவே இயக்கத்தில் இருந்தது. எட்டில் அதை நாம்தான் இயக்கவேண்டும்.

புதிய இலக்கான டைனமிக் எஸ்க்யூஎல் இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைக் களைந்திருக்கிறது. எக்ஸ்எம்எல் இல்லை, பிளாப் பிரிவினை இல்லை, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஜாவாவில் ஒரு மாறிலி இருக்கிறது. ‘தொகை’ மறைந்தால் அதைப் பயன்படுத்தும் நிரல் கம்பைல் ஆகாது. இன்று மைபேட்டிஸைத் தேர்பவர் பழைய பயிற்சிக் கட்டுரைகளைப் பார்த்து எக்ஸ்எம்எல் வழியில் இறங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் ஒரு வரம்பு நிற்கிறது: உருவாகும் வினவல்கள் ஓர் அட்டவணையைத் தாண்டுவதில்லை. பில்லையும் உருப்படிகளையும் சேர்த்து எடுக்கும் ஜாயினை நாம்தான் எழுதவேண்டும். அதை வெறும் உரைச் சரமாக எழுதினோமானால், பெயர் மாற்றத்தால் உடைந்த வினவல் அந்தத் திரையை ஒருவர் திறக்கும்வரை ஒளிந்திருக்கும்.

ஜூக்

லூக்காஸ் ஈடர் உருவாக்கி, சுவிட்சர்லாந்தின் டேட்டா கீக்கரி நிறுவனம் பராமரிக்கும் ஜூக், நான் கேட்ட கேள்விக்கு மழுப்பலில்லாத பதில் தருகிறது. உருவான கோப்பு முழுக்க முழுக்கக் கருவிக்குச் சொந்தம். இணைக்கும் முயற்சியே கிடையாது. ஒவ்வொரு முறையும் இலக்குப் பேக்கேஜை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். அந்தப் பேக்கேஜுக்குள் நம் கோப்பை வைத்தால் அதுவும் போய்விடும் என்பதால், அதற்கென்று தனி இடம் ஒதுக்குவது கட்டாயம். வகையை மாற்றவோ பெயரிடும் முறையை மாற்றவோ விரும்பினால் கருவியின் அமைப்புக் கோப்பில் சொல்லவேண்டுமே ஒழிய, உருவான நிரலில் கை வைக்கக்கூடாது.

இந்தக் கண்டிப்பு முதலில் உறுத்தும். பயன் பின்னால் தெரியும். நெடுவரிசையின் பெயரை மாற்றிக் கருவியை ஓட்டியவுடன், ‘தொகை’யைத் தொட்ட ஒவ்வொரு வரியும் கம்பைல் பிழையாக எழுந்து நிற்கும். ஜாயின்களும், கூட்டுத்தொகை எடுக்கும் அறிக்கைகளும், துணை வினவல்களும் இதில் அடங்கும், ஏனெனில் அவை அனைத்தும் அதே உருவான கிளாஸ்களைக் கொண்டுதான் எழுதப்படுகின்றன. எஸ்க்யூஎல்லைச் சரமாகவே எழுதவும் ஜூக் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்திய இடங்களில் மட்டும் இந்தக் காவல் இல்லை. பில்லோடு அதன் உருப்படிகளை உள்ளடுக்காக ஒரே வினவலில் எடுக்கும் மல்டிசெட் வசதி 2021-இல் 3.15 பதிப்பில் வந்தது. ஹைபர்னேட்டை விட்டு வர மனமில்லாதவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்றை அது பெரிதும் குறைத்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் நிரல் எழுதச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கும் இக்காலத்தில் இந்தக் கண்டிப்புக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அட்டவணையில் இல்லாத ஒரு நெடுவரிசையை மாதிரி கற்பனை செய்து எழுதினால், ஜூக்கின் கிளாஸ்களில் அது அந்தக் கணமே பிடிபடும்; எக்ஸ்எம்எல் சரத்துக்குள் எழுதப்பட்டதை வினவல் ஓடும்போதுதான் காண முடியும்.

இதற்குக் கொடுக்கும் விலை பில்டில் இருக்கிறது. கம்பைல் செய்வதற்கு முன்பே ஒரு தரவுத்தளம் தேவை. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்னும் நூலகம் மூலம் டாக்கரில் தற்காலிகமாக ஒன்றை எழுப்பி, பிளைவே என்னும் கருவியால் மைக்ரேஷன்களை ஓட்டி, அதன்மேல் ஜெனரேட்டரை இயக்குவதே நான் பரிந்துரைக்கும் வழி. பில்ட் சற்று நீளும். டாக்கர் இல்லாத சர்வரில் நடக்காது. மைக்ரேஷன் கோப்புகளை நேரடியாகப் படிக்கும் வழியும் உண்டு. ஆனால் அது அவற்றை எச்2 என்னும் நினைவகத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்ப்பதால், ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்துக்கே உரிய கட்டளைகளில் தடுக்கி விழும். அந்தப் பகுதிகளை விட்டுவிடச் சொல்லும் குறிப்புரைகளை மைக்ரேஷன் கோப்பிலேயே செருகவேண்டியிருக்கும். ஸ்டோர்டு புரொசீஜர்கள் (தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைக்கப்படும் நிரல்கள்) மிகுந்த திட்டத்தில் இந்த வழி நிலைக்காது.

இன்னொரு விலை பணமாகவே வருகிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்தமூலத் தரவுத்தளங்களுக்கு ஜூக் அப்பாச்சி உரிமத்தில் இலவசம். ஆரக்கிளுக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்கும் கட்டண உரிமம் வேண்டும். மைபேட்டிஸுக்கு இந்தப் பாகுபாடு இல்லை.

திரைகளும் தேர்வும்

மைபேட்டிஸும் ஜூக்கும் தரவு அடுக்கோடு நின்றுவிடுகின்றன. கன்ட்ரோலரும் திரையும் நம் பொறுப்பு. ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டக உலகில் இந்த இடைவெளிக்கு ஒரு நல்ல தீர்வு இருந்தது: மூன்றாம் பதிப்பிலிருந்து, கன்ட்ரோலரில் ஒரு பதிவைத் தேடவும் சேமிக்கவும் எந்த வரியை எழுதவேண்டும் என்பதைத் தரவு நூலகமே, கன்ட்ரோலரையும் திரைகளையும் உருவாக்கும் ஸ்காஃபோல்டு ஜெனரேட்டருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. அதனால் மாங்கோயிட் போன்ற மாற்று நூலகம் இயல்பான நூலகத்தின் இடத்தில் பெரிய சிக்கலின்றி அமர முடிந்தது. ஸ்பிரிங் உலகில் அத்தகைய பொது ஒப்பந்தம் உருவாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை.

ஆகவே, பதிவைச் சேர்த்தல், திருத்தல், நீக்கல் என்ற அளவிலான நிர்வாகத் திரைகள் நிறைந்த புதிய செயலிக்கு மாற்றைத் தேட நான் சொல்லமாட்டேன்; ஜேஹிப்ஸ்டரே போதும். தரவுத்தளம் முன்பே இருந்து, அது மைஎஸ்க்யூஎல்லாகவோ போஸ்ட்கிரெஸாகவோ இருந்து, அறிக்கைகள் மிகுந்திருந்தால் தயக்கமின்றி ஜூக். ஆரக்கிள் இருந்து, உரிமத்துக்குப் பணம் ஒதுக்க முடியாத இடத்தில் டைனமிக் எஸ்க்யூஎல் இலக்கோடு மைபேட்டிஸ்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜேபிஏ செயலியை ஒரேயடியாக மாற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. பதிவு எழுதுவதை ஹைபர்னேட்டிடமே விட்டுவிட்டு, அறிக்கைகளுக்கு மட்டும் ஜூக்கைச் சேர்க்கலாம். ஸ்பிரிங் இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனில், அதாவது முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே தொகுப்பில், ஓட்டும். அப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹைபர்னேட் தன் மாற்றங்களை நினைவகத்தில் தேக்கிவைத்துப் பிறகே தரவுத்தளத்துக்கு அனுப்பும். ஜூக் அனுப்பும் வினவலைப் பற்றி அதற்குத் தெரியாது. புதிய பில்லைச் சேமித்த கையோடு அதே டிரான்சாக்ஷனில் நாள் மொத்தத்தை ஜூக் வழியே கேட்டால், அந்தப் பில் கணக்கில் வராமல் போகலாம். நடுவில் ஃப்ளஷ் செய்துவிட்டால், அதாவது தேங்கியவற்றை உடனே அனுப்பிவிட்டால், மொத்தம் சரியாக வரும். எதிர்த்திசையில், ஜூக் நேரடியாகத் திருத்திய பதிவின் பழைய நகல் ஹைபர்னேட்டின் நினைவகத்தில் இருந்தால், அதை ரிஃப்ரெஷ் செய்யாமல் (தரவுத்தளத்திலிருந்து புதுப்பிக்காமல்) மீண்டும் படிக்கக்கூடாது.