லேபல் இல்லாத உண்ணி மருந்து: திருகோணமலையில் நாய், பூனை வளர்ப்பவர்களின் கவனத்திற்கு

திருகோணமலை நகரத்தில் செல்லப்பிராணிகளுக்கான தீனியும் மருந்தும் விற்கும் ஒரு கடையில், லேபல் எதுவும் ஒட்டப்படாத சிறிய போத்தல்களில் உண்ணி மருந்தை ஊற்றி விற்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான் என்று சொல்லியே விற்கிறார்கள். அதை நம்பி வாங்கியதால் என் பூனை செத்துப் பிழைத்தது; நாய்க்கு வந்திருந்த உண்ணிக்காய்ச்சல் பத்து நாட்கள் தெரியாமலே போயிற்று. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் வீடு அலஸ்தோட்டத்தில் இருக்கிறது. டைகர் ஐந்து வயது ஊர்நாய். வெள்ளச்சி இரண்டு வயதுப் பூனை. இரண்டும் ஒரே சாக்கில் படுத்துறங்கிப் பழகியவை. கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் டைகரின் காதுமடலுக்குள்ளும் கால்விரல்களின் இடுக்குகளிலும் உண்ணிகள் தென்பட்டன. சில மிளகளவு, சில இரத்தம் குடித்து ஆமணக்கங்கொட்டைபோல் ஊதிச் சாம்பல் நிறமாகியிருந்தன. நகருக்குள் திரியும் மான்களிலிருந்து வந்திருக்கும் என்று அயலவர்கள் சொன்னார்கள். அது அவ்வளவு சரியல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். வீடுகளில் நாம் அதிகம் காணும் பழுப்பு நாயுண்ணி பெரும்பாலும் நாயைத் தேடியே வருவது; மானோ மாடோ இல்லாத வீட்டுக்குள்ளேயே அது முட்டையிட்டுப் பெருகிவிடும்.

கடைக்காரர் ஒரு கானிலிருந்து மஞ்சள் கலந்த திரவத்தை ஊசி கழற்றிய சிரிஞ்சினால் உறிஞ்சி, வெறும் போத்தலில் விட்டு, 1,800 ரூபா கேட்டார். பூனையும் வீட்டில் இருக்கிறது என்பதை நான் தெளிவாகச் சொன்னேன். "பயப்பட ஒண்டுமில்லை அக்கா, நாய்க்கும் இதுதான், பூனைக்கும் இதுதான். பூனைக்கு அரைவாசி விட்டாக் காணும்" என்றார். டைகர் இரண்டு நாட்களாகச் சோர்ந்து கிடக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்றபோது, உண்ணி விழுந்தால் காய்ச்சலும் விட்டுவிடும் என்று கூறி, இரத்தம் ஊறுவதற்கென்று ஒரு பாணிமருந்தையும் எடுத்துத் தந்தார். பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டது என்றார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

மாலை நான்கு மணியளவில் இரண்டின் பிடரியிலும் மருந்தை விட்டேன். இரவு ஒன்பது மணிக்கு வெள்ளச்சியின் இடது காது மட்டும் துடிக்கத் தொடங்கியது. ஈ மொய்க்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு முகம் துடித்தது, வாயிலிருந்து நீர் வடிந்தது, பின்னங்கால்கள் வெறித்தவன் நடைபோலத் தள்ளாடின. பதினொரு மணிக்குள் முழு உடலும் விடாமல் நடுங்கிற்று. தொட்டால் நடுக்கம் கூடியது. தொலைபேசியில் கிடைத்த கால்நடை வைத்தியர் கேட்ட முதற்கேள்வி, "நாய்க்குப் போடுகிற மருந்தைப் பூனைக்குப் போட்டீர்களா?" என்பதுதான்.

அவர் சொன்னபடி, இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு பிடரியைக் கழுவி, துவாயில் சுற்றி, ஆட்டோவில் கொண்டுபோனோம். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருக்கிறது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதியம் போதாது. அதனால் மருந்து உடலில் தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. இதற்கென்று தனியான மாற்றுமருந்து கிடையாது. நடுக்கத்தை அடக்கி, சேலைன் ஏற்றி, உடல் அதைக் கழிக்கும்வரை உயிரைக் காப்பதே சிகிச்சை. பூனைக்கு நேரடியாகப் போடாவிட்டாலும், மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுப்பதாலும் அதன் மயிரை நக்குவதாலும்கூட நஞ்சேறலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் ஒரே சாக்கு என்பதை நினைத்தபோது உடல் கூசியது. வெள்ளச்சி மூன்று நாட்கள் அங்கேயே இருந்தது.

இந்தக் கலக்கத்தில் டைகரை நான் கவனிக்கவில்லை. உண்ணிகள் பல விழுந்திருந்தன. ஆகவே அது தேறிவிடும் என்று எண்ணினேன். பத்தாவது நாள் அதன் சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போயிற்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு, சிப்பியின் உட்புறம்போல் வெளிறிக் கிடந்தது. வைத்தியர் காது நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். செங்குழியங்களுக்குள் பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி இருந்தது. நாயின் இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு குறைந்தது 37 வீதமாவது இருக்க வேண்டும். டைகருக்கு 16 வீதமே மிஞ்சியிருந்தது.

உண்ணியைக் கொல்வதும் உண்ணி கொண்டுவந்த நோயைத் தீர்ப்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை அந்தக் கடைக்காரர் மறைத்தாரா, அறியாதிருந்தாரா என்று தெரியாது. எதுவானாலும் என் நாய்க்கு விளைவு ஒன்றே. உண்ணி கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு இறங்கும் கிருமி, உண்ணி விழுந்த பின்னும் இரத்தத்திலேயே இருந்து பெருகுகிறது. பபேசியாவில் பெரியது, சிறியது என்று வகைகள் உண்டு; பெரிய வகையை அடக்கும் ஊசி, டைகருக்கு வந்த கிப்சோனி என்ற சிறிய வகைக்கு நன்றாக வேலை செய்யாது. ஆகவே எந்த வகை என்று பார்க்காமல் ஊசி போடுவதிலும் பயனில்லை. ஏர்லிக்கியா என்ற மற்றொரு உண்ணிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் குளிசையை 28 நாட்கள் வரை தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றில் எதையும் சத்துப் பாணியால் தீர்க்க முடியாது.

கடைக்குத் திரும்பிப் போய், அந்தக் கானைக் காட்டும்படி கேட்டேன். முதலில் மறுத்தவர், நான் நகராததால் எடுத்து வைத்தார். அதன் முகப்பில் பெர்மெத்ரின் என்ற பெயரும், அதன் கீழே குறுக்குக்கோடு போட்ட ஒரு பூனையின் படமும் இருந்தன. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கக்கூடிய அந்தப் படத்தை, மருந்தைச் சிறு போத்தலுக்கு மாற்றி ஊற்றியதன் மூலம் வாங்குபவரின் கண்ணில் படாமல் செய்துவிட்டார்கள். என் கோபமெல்லாம் அதில்தான். "மற்ற ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்பதே அவருடைய பதில். காசைத் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு அழைத்து முறையிட்டேன். பற்றுச்சீட்டு இல்லாததால், போத்தலையும் கானின் படத்தையும் வைத்தியரின் கடிதத்தையுமே ஆதாரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

உண்ணி மருந்து வாங்கும்போது முத்திரை உடைக்காத பெட்டியில், எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோ எடைக்கு என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். பெரிய நாய்க்கான குழாயைப் பங்கிட்டுப் பூனைக்கு விடாதீர்கள். உடலில் காணும் உண்ணிகளை நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் விரலால் நசுக்குவதும் வேண்டாம். பழுப்பு நாயுண்ணி குஞ்சாகவும் இளசாகவும் வளர்ந்தும் மூன்று முறை நாயில் ஏறி இறங்குவது. பெண் உண்ணி சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாங்கள் சாக்கை எரித்து, நாய்க்கூட்டின் பின்சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்த பிறகுதான் தொல்லை குறைந்தது. நாய் சோர்ந்தால், கடைக்குப் போகுமுன் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

டைகர் இப்போது சாப்பிடுகிறது. கிருமி இரத்தத்தில் ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் அடுத்த மாதம் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். உங்களில் எவரிடமாவது இப்படியொரு லேபல் இல்லாத போத்தல் இருந்தால், அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். மூடியை இறுக்கி வையுங்கள்; ஏற்கெனவே பூனைக்கு விட்டிருந்தால், கழுவிவிட்டு அந்தப் போத்தலையும் பூனையோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.