கம்பெனி கொடுத்த ஷூ, நான் வாங்கின ஷூ: ரெண்டும் போட்டு வேலை பாத்தவன் எழுதுற ரிவ்யூ

இந்த சேஃப்டி ஷூவ வாங்கி 14 மாசம் ஆச்சு. மழை, சிமெண்ட் தண்ணி, ஏணி, வெயில்ல கொதிக்கிற தகரக் கூரைன்னு எல்லாத்துலயும் போட்டு மிதிச்சாச்சு, அதனால இப்ப எழுதினாதான் நியாயம். பொட்டியப் பிரிச்ச அன்னிக்கே போடுற அஞ்சு ஸ்டார்ல ஒண்ணும் தெரியாது, ஷூவோட குணம் ஆறாவது மாசத்துக்கு மேலதான் தெரியும்.

நான் எலக்ட்ரீஷியன். 9 வருஷம் ஒரு கம்பெனில சம்பளத்துக்கு இருந்தேன், அங்க ஷூ, பேண்ட், சட்டை, கிளவுஸ், ஹெல்மெட் எல்லாமே ஸ்டோர்ஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். இப்ப 3 வருஷமா சொந்தமா வேலை எடுத்துப் பண்றேன், உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் எல்லாம் என் காசு. அதனால ஷூவ மட்டும் தனியா எழுத எனக்கு வரல, அத கம்பெனி ஷூவோடயும் கம்பெனில கிடைச்ச மத்த விஷயங்களோடயும் வச்சுத்தான் சொல்ல முடியும்.

முதல்ல கம்பெனி ஷூ. அது மோசமான ஷூ இல்ல. சேஃப்டி ஷூவுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 20345, அந்த முத்திரை இருந்துச்சு, அதாவது முன்பக்கத் தொப்பி 200 ஜூல் அடி தாங்கணும், 20 கிலோ எடை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துல இருந்து கால் விரல் மேல விழுந்தா எவ்வளவோ அவ்வளவு. பிரச்சன என்னன்னா, எல்லாருக்கும் ஒரே மாடல், நீள சைஸ் மட்டும்தான் மாறும், அகலம் மாறாது. என் பாதம் முன்னாடி அகலம், அதனால ஒரு நம்பர் பெருசா வாங்கி உள்ள குதிகால் வழுக்கி வழுக்கி ரெண்டு காலுலயும் காய்ப்பு வந்துடுச்சு. ஸ்டோர்ஸ்ல சொன்னா "இருக்கறது இதுதான்"னு சொல்லுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, வாங்குறவர் டேபிள்ல விலையப் பாத்துதான் முடிவாகுது, அவரு அத போட்டு நாள் பூரா நிக்கப் போறதில்ல.

சொந்தமா வாங்கினது எஸ்3 வகை, இரும்புத் தொப்பிக்கு பதிலா உலோகம் இல்லாத காம்போசிட் தொப்பி, முன்பக்கம் அகலமான வடிவம். எஸ்1, எஸ்3ன்னு எழுதியிருக்கறத நிறைய பேர் தரம் ஒண்ணு தரம் மூணுன்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல. எஸ்1ல அடிப்பாகத்துல ஆணி ஏறாம தடுக்கற தகடு கிடையாது, மேல்தோல் தண்ணி தடுக்கணும்னும் கட்டாயம் இல்ல. எஸ்3ல ரெண்டும் உண்டு, அடில பள்ளம் மேடா பல்லும் இருக்கும். கட்டட வேலைல ஷட்டரிங் பலகைல ஆணி மல்லாந்து கிடக்கும், அங்க எஸ்1 போட்டுட்டுப் போகவே கூடாது. இன்னொண்ணு, ஆணி தடுக்கற தகடு இரும்பா துணியான்னு பாருங்க. துணில செஞ்சது நல்லா வளையும், பாதம் முழுக்க மூடும், ஆனா மெல்லிசான ஆணிக்கு இரும்பு அளவுக்கு நிக்காது. 2022ல மாத்தின தரத்துல இதப் பிரிச்சே போட்டுட்டாங்க, எஸ்3எஸ்னா 3 மில்லிமீட்டர் மெல்லிய ஆணில சோதிச்ச துணித் தகடு, எஸ்3எல்னா 4.5 மில்லிமீட்டர் தடிச்ச ஆணில மட்டும் சோதிச்சது. நான் எஸ்3எஸ் எடுத்தேன், ஏணிப் படில நிக்கும்போது பாதம் வளையறது எனக்கு முக்கியம்.

எலக்ட்ரீஷியன்கள் இத கவனமா படிங்க. ஷூல "ஆன்டிஸ்டாட்டிக்"னு போட்டிருந்தா அது ஷாக் அடிக்காத ஷூ கிடையாது. உடம்புல சேர்ற நிலைமின்சாரத்த தரைக்கு மெதுவா இறக்கி விடுறதுக்குன்னே செஞ்சது, அதாவது கொஞ்சம் கரண்ட் கடத்தும். எங்க கம்பெனில பத்து பேருக்கு எட்டு பேர் அத ஷாக் ப்ரூஃப்னு நம்பிக்கிட்டு இருந்தோம், யாரும் சொல்லித் தரல, நானே சொந்தமா வாங்கறதுக்காக உக்காந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது. கரண்டுக்குன்னு வேணும்னா ஏஎஸ்டிஎம் எஃப்2413ங்கற அமெரிக்கத் தரத்துல ஈஎச்னு (எலக்ட்ரிகல் ஹசார்ட், மின்சார ஆபத்து) குறிச்சிருக்கும், 18,000 வோல்ட்ல 1 நிமிஷம் வச்சு 1 மில்லி ஆம்பியருக்கு மேல கசியக் கூடாதுன்னு சோதனை. அதுவும் காஞ்ச நிலைமைலதான், ஈரமான ஷூவுல அந்த கணக்கு செல்லாது. ஷூ எதுவா இருந்தாலும் முதல்ல சப்ளைய ஆஃப் பண்ணு, டெஸ்டர்ல பாரு, அப்புறம் தொடு.

பேண்ட் பத்தி சுருக்கமா. முட்டிக்கு உள்பக்கம் பேட் சொருகற பை வச்ச பேண்ட் ரெண்டு வாங்கினேன், முட்டில கார்டுராங்கற சீக்கிரம் தேயாத தடிச்ச துணி. கீழ சாக்கெட் பாக்ஸ் மாட்டும்போது ஒரு நாளைக்கு அம்பது தடவ முட்டி போடுறோம், இந்த வசதி கம்பெனி பேண்ட்ல இல்ல, நான் 9 வருஷம் அட்டைப் பெட்டிய மடிச்சு முட்டிக்கடில வச்சுக்கிட்டேன். பேட் முட்டிக்கு நேரா நிக்குதான்னு உக்காந்து பாத்து வாங்கணும், ரெண்டு இஞ்ச் கீழ இறங்கினாலும் பிரயோஜனம் இல்ல. ஒரே குறை, துணில பாலியஸ்டர் கலந்திருக்கு. பேனல் வேலைக்கு நான் அத போடறதில்ல, தீப்பொறி வெடிச்சா பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும். அதுக்குன்னு தீ பிடிக்காத துணில ஒரு செட்டு தனியா வச்சிருக்கேன்.

ரப்பர் கிளவுஸ்லதான் கம்பெனிய நான் ரொம்ப மிஸ் பண்றேன். கரண்டுக்குன்னு வர்ற இன்சுலேட்டிங் கிளவுஸ், கிளாஸ் 0ன்னா 1,000 வோல்ட் ஏசி வரைக்கும். அத ஒவ்வொரு தடவ போடறதுக்கு முன்னாடியும் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி உள்ள காத்த அடைச்சு, எங்கயாவது கசியுதான்னு காதுல வச்சுக் கேக்கணும், மேல தோல் கிளவுஸ் போடணும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ லேபுக்கு அனுப்பி திரும்ப சோதிக்கணும். கம்பெனில ஸ்டோர்கீப்பர் தேதி எழுதி வச்சு அவரே வாங்கிக்கிட்டு வேற ஜோடி கொடுப்பாரு, நான் அதப் பத்தி நினைச்சதே இல்ல. தனியா வந்த முதல் வருஷம் தேதி தாண்டி ரெண்டு மாசம் அதே கிளவுஸ போட்டு வேலை பாத்திருக்கேன், கவனிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஓசில ஷூ கிடைச்சது பெரிய சலுகையே இல்ல, நம்ம மறந்தாலும் மறக்காம ஒருத்தர் இருந்தாரே அதுதான் சலுகை. இப்ப போன்ல அலாரம் வச்சிருக்கேன்: கிளவுஸ் சோதனை, ஹெல்மெட் உள்பக்கம் அச்சடிச்சிருக்கற தேதி, உயரத்துல கட்டுற பெல்ட்டும் கயிறும், டெஸ்டர் சரியா காட்டுதான்னு பாக்கற காலிபரேஷன்.

துணி துவைக்கறதையும் சொல்லணும். கம்பெனில அழுக்கு யூனிஃபார்ம அங்கயே போட்டுட்டு வரலாம், அவங்க லாண்டரிக்கு அனுப்புவாங்க. இப்ப எல்லாம் வீட்டுக்கு வருது. பழைய சுவத்துல டிரில் போட்டா அந்தத் தூசில பழைய பெயிண்ட்டோட ஈயம் இருக்கலாம், பழைய ஷீட்டா இருந்தா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்குப் போனவங்களோட துணிய உதறி துவைச்ச மனைவிகளுக்கே நுரையீரல சுத்தி இருக்கற சவ்வுல புத்துநோய் வந்தது மருத்துவத்துல பதிவான விஷயம். ஆஸ்பெஸ்டாஸ்னு சந்தேகம் வந்தாலே நான் டிரில்ல வைக்கறதில்ல, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்கள கூப்பிடச் சொல்லிடுவேன். மத்த தூசிக்கும் வேலை இடத்துலயே துணி மாத்தி, உதறாம மூட்டை கட்டி, குழந்தைங்க துணியோட சேக்காம தனியா துவைக்கிறேன். இந்த வேலை நேரத்த எந்த பில்லுலயும் எழுத முடியல.

லீவு, காய்ச்சல் நாளு, இன்சூரன்ஸ், ட்ரெயினிங், வண்டி இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தியாசம்தான். ஒரு நாள் இடுப்பு பிடிச்சுக்கிட்டா அன்னிக்கு வருமானம் இல்ல, அவ்வளவுதான். பதிலுக்கு, எனக்கு ஏத்த ஷூவ நான் எடுக்கலாம், ஆபத்தான வேலைய வேணாம்னு சொல்லலாம், பல இடத்துல வேலைக்கு வாங்குற பாதுகாப்புச் சாமானை தொழில் செலவுல காட்ட முடியும், பில்ல மட்டும் பத்திரமா வச்சுக்கணும்.

எனக்கு கோவம் வர்றது இன்னொரு விஷயத்துல. ஒரு கம்பெனி நம்மள கான்ட்ராக்ட்காரர்னு எழுதிக்கும், ஆனா அவங்க பேரு போட்ட சட்டைதான் போடணும், அவங்க சொல்ற நேரத்துக்குத்தான் வரணும், வேற இடத்துல வேலை எடுக்கக் கூடாது. ஷூ கேட்டா மட்டும் "நீங்க சொந்தமா பண்றவர்தானே"ம்பாங்க. அப்படி ஒரு இடத்துல நான் நாலு மாசம் இருந்தேன், கூட இருந்த சின்னப் பையன் சாதா கேன்வாஸ் ஷூவோட கேபிள் ட்ரம் உருட்டினான், தட்டிக் கேட்டதுக்கு எனக்கு அடுத்த மாசம் வேலை வரல. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 155ஆவது உடன்படிக்கை 1981லயே சொல்லுது, பாதுகாப்பு ஏற்பாட்டுக்காக தொழிலாளி கைக்காசு செலவழிக்கக் கூடாதுன்னு. 2022ல அத அடிப்படை உடன்படிக்கைகள்ல ஒண்ணாவும் சேத்துட்டாங்க. ஒருத்தர தொழிலாளி மாதிரி நடத்திட்டு செலவு வரும்போது மட்டும் முதலாளியாக்குறது சரியே இல்ல. சேரும்போதே யார் ஷூ வாங்கித் தரணும்னு எழுதி வாங்கிக்கோங்க. உண்மையாவே சொந்தமா பண்றீங்கன்னா ஷூ, கிளவுஸ், சோதனைச் செலவு எல்லாத்தையும் வருஷக் கணக்குப் போட்டு வேலை நாளால வகுத்து கூலில ஏத்துங்க, நான் முதல் வருஷம் இத பண்ணல, கம்பெனி சம்பளத்த மனசுல வச்சே ரேட்டு சொல்லிட்டேன்.

சரி, திரும்ப ஷூவுக்கு வர்றேன். 14 மாசத்துல குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு, ஒரு லேஸ் கொக்கி பிடுங்கிக்கிச்சு, நாக்குப் பகுதி நடுவுல நிக்காம ஒரு பக்கமா ஓடுது. மேல்தோல் எங்கயும் வெடிக்கல, தண்ணி இன்னும் உள்ள வரல, குதிகால் காய்ப்பு சுத்தமா போயிடுச்சு. கம்பெனி ஷூ விலைல ரெண்டு மடங்கு ஆச்சு, அஞ்சுக்கு நாலு கொடுக்கறேன்.

இதே மாடல்ல இன்னொரு ஜோடி வாங்கி மாத்தி மாத்திப் போடப் போறேன், வேர்வை காய ஒரு நாள் கிடைச்சா தோல் ரொம்ப நாளைக்கு வரும். ஆனா ஆஃபர்ல கிடைக்குதுன்னு மூணு நாலு ஜோடி வாங்கி அலமாரில அடுக்காதீங்க, பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாம வச்சிருந்தாலே காத்து ஈரத்துல சில வருஷத்துல தூள் தூளா உதிர்ந்துடும். கடைக்குப் போறதா இருந்தா வேலை முடிஞ்சு கால் வீங்கியிருக்கற சாயங்கால நேரத்துல, வேலைக்குப் போடுற அதே தடிச்ச சாக்ஸோட போங்க. ரெண்டு காலுலயும் போட்டு குத்துக்கால் போட்டு உக்காந்து பாருங்க, அப்ப தொப்பியோட ஓரம் பெருவிரல் கணுவ அழுத்துச்சுன்னா அந்த ஜோடிய எடுக்காதீங்க, போடப் போட அது இளகும்னு கடைக்காரர் சொன்னாலும் தோல்தான் இளகும், தொப்பி இளகாது.