ஆய்வக மேசையில் நிலைத்துவிட்ட புத்தகங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இளநிலை மூன்றாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு உதவியாக இருக்கிறேன். அலமாரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் மேசைக்கு இறங்கி வருபவை நான்கைந்துதான். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்காள் மகன் இந்த ஆண்டு இதே பாடத்தை எடுத்திருக்கிறான். "மாமா, எதை வாங்குவது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அளவீட்டுப் பிழைகளைக் கணக்கிடக் கற்க முதலில் வாங்க வேண்டியது ஜான் டெய்லரின் 'அன் இன்ட்ரொடக்‌ஷன் டு எரர் அனாலிசிஸ்'. 1895இல் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையச் சுவரை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்த ரயில் எஞ்சின்தான் அதன் அட்டைப்படம். என்னிடம் இருப்பது 1997இல் வந்த இரண்டாம் பதிப்பு. கடற்கரை ஈரத்தில் தாள் பழுத்துவிட்டது. முதுகை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். முதல் நான்கு அத்தியாயங்களைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். துல்லியமான அளவீட்டுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் எடையிட்ட சராசரி பற்றிய ஏழாம் அத்தியாயத்தின் அருமை எனக்கு 2023இல்தான் முழுதாகப் புரிந்தது.

அந்த ஆண்டு லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, கடுமையாக இருந்தது. மியூவான் என்ற, விரைவில் சிதைந்துவிடும் நுண்துகளின் வாழ்நாளை அளக்கும் சோதனைக்குப் பல நாள்கள் இடைவிடாமல் எண்ணிக்கை சேர வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ பதினொரு துண்டுகள். ஒரு குழு அந்தப் பதினொரு முடிவுகளையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்திருந்தது. மூன்று மணி நேர அளவீட்டுக்கும் முப்பது மணி நேர அளவீட்டுக்கும் ஒரே மதிப்பு! ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்து மறுபடியும் கணக்கிட்டோம். 2.12 மைக்ரோ வினாடி, பிழை 0.03 என்று வந்தது. எல்லாரும் அறிந்த மதிப்பு 2.197. பிள்ளைகள் முகம் வாடியது. ஆனால் பிழையின் அளவு தெரிந்ததால்தான் அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாமல் போனது. எதிர்மின் மியூவான்களில் சிலவற்றை துகள் பட்டால் ஒளிரும் ஒளிர்பொருளில் உள்ள கார்பன் அணுக்கருக்கள் பிடித்துக்கொள்கின்றன. அதனால் நேர்மின், எதிர்மின் மியூவான்கள் கலந்த கலவையின் வாழ்நாள் சற்றுக் குறைந்தே வரும். அவர்கள் அளந்தது சரிதான். இயற்பியல் விளக்கத்தை டெய்லரில் தேடக் கூடாது. ஆனால் விளக்கம் தேட வேண்டிய இடம் இதுதான் என்று அவர் காட்டிவிடுகிறார்.

அடுத்தது க்ளென் நோலின் 'ரேடியேஷன் டிடெக்‌ஷன் அண்ட் மெஷர்மென்ட்'. பெரிய புத்தகம், விலையும் அதிகம், முழுதாகப் படிக்கத் தேவையில்லை. ஒளிர்வுக் கருவிகளால் நிறமாலை எடுப்பதைச் சொல்லும் பத்தாம் அத்தியாயம் ஒன்றே அதன் விலைக்கு ஈடு. கதிரியக்கச் சீசியம்-137இன் காமா நிறமாலையில், ஆற்றல் அளவில் 662 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் முகட்டைத் தவிர 184 அருகே ஒரு மேடு தெரியும். மூலத்தில் வேறு ஏதோ தனிமம் கலந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் யாராவது அறிக்கையில் எழுதுகிறார்கள். சுற்றியுள்ள ஈயத்திலும் மேசையிலும் மோதித் திரும்பி வரும் காமா கதிர்கள்தான் அந்த மேடு. அத்தியாயத்தைப் படித்த கையோடு ஈயக் கட்டிகளை நகர்த்தி வைத்து, மேடு மாறுவதைக் கண்ணால் பார்க்கச் சொல்வேன்.

மின்னணுவியலுக்கு ஹோரோவிட்ஸும் ஹில்லும் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்'. இரைச்சலைக் குறைப்பது பற்றிய எட்டாம் அத்தியாயத்தைத்தான் அடிக்கடி புரட்டுகிறோம். அமெரிக்கப் புத்தகங்களில் மின்னோட்ட அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஒளியை உணரும் டயோடில் 100 ஹெர்ட்ஸில் ஒரு சமிக்ஞை வந்தபோது, புத்தகம் சொல்லும் 120ஐத் தேடி ஒரு மாணவி ஒரு பிற்பகலையே செலவிட்டாள். குழல்விளக்கு மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை ஒளிர்வதால், இங்கே அது 100தான். கூரையில் எரிந்த குழல்விளக்கை அணைத்தோம், சமிக்ஞை மறைந்துவிட்டது. இப்போது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.

மெலிசினோஸும் நாபொலிடானோவும் எழுதிய 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் மாடர்ன் ஃபிசிக்ஸ்' எல்லாரும் பரிந்துரைப்பது. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. ஒரு சோதனைக்குப் பின்னால் உள்ள இயற்பியலை அழகாகச் சொல்கிறது, ஆனால் அதன் கருவிகள் நம் கருவிகள் அல்ல. வரிக்கு வரி பின்பற்றப் போனால் தடுமாறிவிடுவோம். நூலகப் பிரதியே போதும். ஹியூஸ், ஹேஸ் எழுதி 2010இல் வந்த 'மெஷர்மென்ட்ஸ் அண்ட் தெயர் அன்செர்ட்டன்ட்டீஸ்' சிறியது, பையில் வைத்துக்கொள்ளலாம். டெய்லர் நீளமாகத் தோன்றுபவர்களுக்கு ஏற்றது.

பழைய பதிப்புகளைப் பற்றியும் மருமகன் கேட்டான். டெய்லர் எந்தப் பதிப்பானாலும் வாங்கலாம், கணக்கு பழையதாவதில்லை. ஹோரோவிட்ஸ் மட்டும் 2015இல் வந்த மூன்றாம் பதிப்பாக இருக்கட்டும். 1989 பதிப்பில் உள்ள பாகங்கள் பலவற்றை இன்று கடையில் வாங்க முடியாது. என் டெய்லரை அவனிடமே கொடுத்துவிட்டேன். நோலை மட்டும் ஆய்வகத்தை விட்டு வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.