கெல்லி கோட்டையும் பயணக் கட்டுரைகளும்: ஓர் உள்ளூர்வாசியின் அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவில் குடியிருப்பவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், பக்கத்தில் கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் பழைய மாளிகையான கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போயே ஆக வேண்டும். அதனால் அதைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகள், நட்சத்திர மதிப்புரைகள் எல்லாவற்றையும் பல வருடமாகப் படிக்கிறேன். அவற்றை நம்பி வந்தவர்களையும் பார்த்துவிட்டேன்.

வழி கேட்கவும், எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்று தெரிந்துகொள்ளவும் அவை போதும். கதை என்று வந்தால்தான் சிக்கல். பேய் உலாவுகிறது, ஆற்றுக்கு அடியில் சுரங்கம் ஓடுகிறது என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார். சுரங்கத்துக்குள் தானே நடந்து வந்ததுபோல் எழுதியவரும் உண்டு. அதைப் படித்துவிட்டு வந்த என் தம்பி மகன், காரை விட்டு இறங்கியதுமே, "பெரியப்பா, சுரங்கம் எந்தப் பக்கம்?" என்றான். டிக்கெட் கவுண்டரில் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

இத்தனைக்கும் உள்ள கதையே சுவையானதுதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கினார். கோபுரத்தில் மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டார். 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. கட்டியவர்கள் மதராஸிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் ஆட்கள். அவர்களில் பலரை ஸ்பானிய விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். கெல்லி துரை தன் மனைவிமேல் வைத்த காதலுக்கு மூன்று பத்தி.

பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்கிறார். துரைதான் என்கிறார்கள். காய்ச்சலுக்குப் பயந்து தொழிலாளர்கள் கேட்க, அவர் கட்டிக்கொடுத்த கோயில் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அதைப் பேச்சு என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? கருணையுள்ள முதலாளி என்று உருகுகிறவர்கள், துரையைக் கூரைமேல் ஏற்றிவைத்த தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கோயில் பக்கமே வராமல் திரும்பியிருப்பார்களோ என்னவோ.

ஐந்து நட்சத்திரம் போடுகிறவரைவிட மூன்று போடுகிறவரால்தான் எனக்கு உபயோகம். வெயில் தாங்கவில்லை, பாட்டியால் படி ஏற முடியவில்லை, மொட்டை மாடியில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதுகிறவர் நேரில் வந்தவர். எப்போது வந்தார், சொந்தக் காசா ஓசிப் பயணமா என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. இப்போது வருகிறவர்களுக்கு அந்த மாதிரி இரண்டு மூன்றை மட்டும் அனுப்பி, கோயிலுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள் என்று சேர்த்து எழுதிவிடுகிறேன்.