கொடைக்கானல் கொல்லைக்கு எந்தப் பப்பாளி?

என்னைக் கேட்டால் மலைப்பப்பாளிதான். ஆனால் அறுத்துத் தட்டில் வைத்துச் சாப்பிடலாம் என்ற ஆசையில் நட வேண்டாம். அந்த ஏமாற்றத்திலேயே நல்ல மரத்தை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

சாதாரணப் பப்பாளி வெக்கைக்குப் பிறந்தது. இங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காய் பிடித்தாலும் பழத்தில் இனிப்பு ஏறாது; உறைபனி விழுந்தால் குருத்து கருகும். மலைப்பப்பாளியின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கே 1,500 மீட்டருக்கு மேலேதான் அது செழிப்பாக வளர்கிறது. நம் குளிர் அதற்குப் புதிதல்ல. சமவெளித் தோட்டங்களை அழிக்கும் வளையப்புள்ளி வைரஸையும் நன்றாகத் தாங்கும்.

நாற்று வாங்கும்போது இலையைத் திருப்பித் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் மெல்லிய ரோமம் இருந்தால் மலைப்பப்பாளி, வழவழப்பாக இருந்தால் சாதாரணப் பப்பாளி. காய்த்துவிட்டால் குழப்பமே இல்லை: கையளவுதான் இருக்கும், நீளவாக்கில் ஐந்து மேட்டுக் கோடு ஓடும், பழுத்தால் மஞ்சள்.

வளர்ப்பில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. சாதாரணப் பப்பாளியில் கோ.7 என்ற ரகத்தில் ஆண் மரமே வராது. மலைப்பப்பாளியில் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி மரம், அதனால் நாலைந்து கன்றாவது வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கழுவிவிட்டு ஊன்ற வேண்டும். முளைக்க நாளாகும், அவசரப்பட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

சரி, சாப்பாடு. பழத்தை அப்படியே தின்ன வத்தலக்குண்டில் இறங்கிச் சாதாரணப் பப்பாளி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் போட்டியே இல்லை. மலைப்பப்பாளியின் சதை கெட்டி, புளிப்பு, இனிப்பு குறைவு. ஆனால் வாசனை! நாலு பழம் அடுக்களையில் இருந்தால் வாசல்வரை மணக்கும். அந்த மணத்தில் பாதி, விதையைச் சுற்றியுள்ள கூழில் இருக்கிறது. அதை வீசிவிடாமல் சல்லடையில் தேய்த்துச் சாறு எடுங்கள். தோல் சீவிய துண்டுகளை அந்தச் சாற்றோடு சர்க்கரைப் பாகில் வேகவிட்டால், சாதாரணப் பப்பாளி போலக் குழையாமல் துண்டு துண்டாகவே நிற்கும். சிலி நாட்டில் இதைப் பாகில் போட்டு டப்பாவில் அடைத்தே விற்கிறார்கள். ஜாமுக்கும் இதுதான் சரி. எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை.

பச்சைக்காயைக் கூட்டு வைக்கலாம். கறி சீக்கிரம் வேகவும் போடலாம், சாதாரணக் காயைவிடக் குறைவாகப் போட்டாலே போதும். காயில் வடியும் பால் கையை அரிக்கும், கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டின் பச்சைக்காயும் வேண்டாம்.

பண்ணைக்காடு மாதிரி தாழ்ந்த காபித் தோட்டப் பகுதியில் இருப்பவர்கள் சாதாரணப் பப்பாளியே வைக்கலாம். பெருமாள்மலையைத் தாண்டி மேலே வந்துவிட்டால் மலைப்பப்பாளிதான்.