கோடையில் சுருக்கியா, செமஸ்டர் கணக்கிலா? அமெரிக்க ப்ரீமெட் பாடங்களுக்கு எது தோது

பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்பிபிஎஸ் சேரும் நம்மூர் வழி அமெரிக்காவில் பெரும்பாலும் கிடையாது. முதலில் ஒரு பட்டம், அப்புறம்தான் 4 ஆண்டு மருத்துவக் கல்லூரி. பட்டம் வரலாற்றில் இருந்தாலும் சரிதான். ஆனால் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஆகியவற்றை லேபோடு ஓராண்டு வீதம் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இவைதான் ப்ரீமெட் பாடங்கள். பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். சாதாரணமாகப் படித்தால் இதற்கு 2 ஆண்டு ஆகும். கோடை வகுப்புகளில் சுருக்கினால் ஓராண்டு, ஒன்றேகால் ஆண்டில் முடித்துவிடலாம்.

எதில் சேர்வது என்று யோசிக்கும் முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பத்தை மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் அனுப்ப ஆரம்பிக்கலாம். கல்லூரியில் சேர்வது அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில். விண்ணப்பம் வரவர இடங்களை நிரப்பும் கல்லூரிகள் நிறைய என்பதால் முந்துகிறவருக்குத்தான் வசதி. சரி, ஒருவர் உயிரைக் கொடுத்துப் படித்து ஆகஸ்டில் எல்லாப் பாடத்தையும் முடிக்கிறார். இன்னொருவர் அடுத்த மே வரை நிதானமாகப் படிக்கிறார். நேரத்தோடு விண்ணப்பிக்க நினைத்தால் இரண்டு பேருக்கும் அதே ஜூன்தான்! முதலாமவருக்கு மிஞ்சுவது எம்கேட் என்னும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராக ஏழெட்டு மாதம். அது நல்ல லாபம்தான், ஆனால் அவர் நினைத்த ஒரு வருஷம் அல்ல.

அந்த லாபத்துக்கு என்ன விலை? 15 வார செமஸ்டரை 5 வாரத்தில் அடைத்தால், ஒருநாள் காய்ச்சலில் படுத்தாலே 3 நாள் பாடம் போச்சு. ஹார்வர்டு கோடைப் பள்ளியில் ஓராண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை 7 வாரத்தில் முடிக்கும் வகுப்பே உண்டு. இப்படிப்பட்ட வகுப்பில் திங்களன்று எஸ்என்1, எஸ்என்2 என்னும் பதிலீட்டு வினைகள் என்றால், செவ்வாயன்று இ1, இ2 என்னும் நீக்க வினைகள் வந்து நிற்கும். புதனன்று ஒரு மூலக்கூறையும் கரைப்பானையும் கொடுத்து, நான்கில் எது நடக்கும் என்பார்கள். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போடுவது கைப்பழக்கத்தில் வருவது. போட்டதைத் தப்பென்று கண்டு, இரண்டு நாள் விட்டு மறுபடி போட்டுப் பார்த்தால்தான் படியும். கோடை வகுப்பில் அந்த இரண்டு நாள் கிடைக்காது.

அதனால் ஜெனரல் கெமிஸ்ட்ரியைக் கோடையில் முடிக்கலாம். பாதி பள்ளியிலேயே பார்த்ததுதான். கணக்கு கைவந்தவர் பிசிக்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்கானிக்கையும் பயோகெமிஸ்ட்ரியையும் செமஸ்டரில் படிப்பதே புத்திசாலித்தனம். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதத்துக்கு ஆம்காஸ் தனி ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, போடுகிறது. திரும்பப் படித்து ஏ கிரேடு வாங்கினாலும் பழைய சி அழியாது, இரண்டும் கணக்கில் வரும். இன்னொன்று, 5 வாரம் மட்டும் பார்த்த பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் உங்களைப் பற்றி என்னதான் எழுதுவார்?

உண்மையிலேயே ஒரு வருஷம் மிச்சமாவது வேறோர் இடத்தில். பிரின் மார், கௌச்சர், ஸ்க்ரிப்ஸ் போன்ற கல்லூரிகள், வேறு துறையிலிருந்து மருத்துவத்துக்கு வருகிறவர்களுக்கென்றே போஸ்ட்பேக் படிப்பு நடத்துகின்றன. கோடையில் தொடங்கி ஓராண்டு வாக்கில் முடித்துவிடலாம். இந்தக் கல்லூரிகளோடு லிங்கேஜ், அதாவது நேரடிச் சேர்க்கை ஒப்பந்தம், உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கும்போதே விண்ணப்பித்து, காத்திருக்கும் இடைவெளி ஆண்டில்லாமல் சேரலாம். இடம் கிடைத்தால் பொதுவாக அங்கேதான் போயாக வேண்டும். செலவு அதிகம், நுழைவதும் சுலபமில்லை. இருந்தாலும் வேகத்துக்குப் பணம் கொடுப்பதென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ் மலிவு. ஆனால் நான்கு ஆண்டுக் கல்லூரிப் பாடங்களையே விரும்பும் இடங்கள் உண்டு. ஆன்லைன் லேபை எல்லோரும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் கல்லூரி வாரியாக விசாரித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பிஇ, பிஎஸ்சி முடித்து அங்கே குடியேறியவர்களுக்குக் கணக்கு இன்னும் கறார். வெளிநாட்டு மதிப்பெண்ணை ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்ப்பதில்லை. அங்கே படிக்கும் சொற்பப் பாடங்கள்தான் முழு ஜிபிஏ. அதில் ஒரு கோடை சறுக்கினால் ஈடுகட்ட வேறு மதிப்பெண் இருக்காது. இன்னும் முக்கியமாக, கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்க்காத மருத்துவக் கல்லூரிகள் பல. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருப்பவர்கள் வகுப்பைத் தேடும் முன் அந்தப் பட்டியலைத் தேடுங்கள்.