இழுக்கும், ஆனா எவ்வளவு தூரம்? எலக்ட்ரிக் பிக்கப்பும் பெட்ரோல் பிக்கப்பும்

2019 ஜூலைல ஃபோர்டு ஒரு வீடியோ விட்டாங்க, சிலருக்கு ஞாபகம் இருக்கும். டபுள் டெக்கர் ரயில் பெட்டி பத்து, மொத்தமா 10 லட்சம் பவுண்டுக்கு மேல, அதை ஒரு எலக்ட்ரிக் எஃப்-150 பிக்கப் சோதனை வண்டி இழுத்துட்டு போச்சு. அப்புறம் அந்தப் பெட்டிக்குள்ளேயே 42 பெட்ரோல் எஃப்-150 வண்டிய ஏத்தி, 12.5 லட்சம் பவுண்டு ஆக்கி, மறுபடியும் இழுத்துச்சு. பாத்தவன் எல்லாம் வாயப் பொளந்தான், நானும்தான். எவ்வளவு தூரம் இழுத்துச்சுன்னு மட்டும் யாரும் கேக்கல. ஆயிரம் அடி. சுமார் 300 மீட்டர். நம்ம ஊர்ல தேர் கூட நாலு வீதி சுத்தி வரும்.

டோ பண்றதுக்கு, அதாவது டிரெய்லர் கட்டி இழுக்கிறதுக்கு, எலக்ட்ரிக் பிக்கப் சரிப்பட்டு வருமான்னு கேக்குறவங்களுக்கு பாதி பதில் அந்த வீடியோலேயே இருக்கு. மீதி பாதி எங்க சொந்த அனுபவம். நான் இருக்கிறது ஹூஸ்டனுக்கு மேற்க கேட்டி பக்கம். நானும் காலேஜ் நண்பன் ஒருத்தனும் சேர்ந்து ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவா ஒரு டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுக்கிற சின்ன வீடு) வாங்கினோம், சாமான் எல்லாம் ஏத்தினா 6,000 பவுண்டு வரும், அதாவது 2,700 கிலோ சொச்சம். என்கிட்ட இருக்கிறது 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் எஃப்-150, 36 கேலன் டேங்க். அவன்கிட்ட இருக்கிறது அதே எஃப்-150ஓட எலக்ட்ரிக் வடிவம், லைட்னிங், எக்ஸ்டெண்டட் ரேஞ்ச், 131 கிலோவாட் அவர் (நம்ம கரண்ட் பில்லுல வர்ற யூனிட்) பேட்டரி. ஒரே டிரெய்லர், ஒரே உடம்பு, எஞ்சின் மட்டும் வேற. இதைவிட நல்ல ஒப்பீடு எங்க கிடைக்கும்.

முதல்ல இழுக்கிற சுகத்தைப் பேசிடுறேன், ஏன்னா இதுல போட்டியே கிடையாது. லைட்னிங்ல 580 குதிரைத்திறன், 775 பவுண்டு-அடி டார்க், அதுவும் காலை வச்ச நொடியே கிடைக்கும். என் வண்டில ஹைவே ஏறுற ராம்ப்ல டிரெய்லரோட மிதிச்சா கியர் ரெண்டு கீழ இறங்கி எஞ்சின் கத்தும், பின்னாடி உக்காந்திருக்கிறவங்க பேச்ச நிறுத்திடுவாங்க. அவன் வண்டில எதுவுமே நடக்காத மாதிரி 65 மைலுக்குப் போய் நிக்கும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் சுகம், இன்ச் இன்ச்சா நகத்தலாம், கிளட்ச் வாடை, உறுமல் எதுவும் இல்ல. இறக்கத்துல பிரேக்க தொடவே வேண்டியதில்ல, மோட்டாரே பிடிச்சு நிறுத்தும், அந்த சக்தில கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பப் போகும். கொலராடோல ஐ-70 ரோட்டுல ஐசன்ஹவர் டனல் கிட்டத்தட்ட 11,158 அடி உயரத்துல இருக்கு, அங்க காத்து மெலிசு, பெட்ரோல் எஞ்சின் மூச்சு வாங்கும், மோட்டாருக்கு மூச்சே தேவையில்லையே. மலை ஏறி இறங்குறது மட்டும்தான் கேள்வின்னா நான் கண்ண மூடிட்டு எலக்ட்ரிக்னு சொல்லிடுவேன்.

இப்ப தூரத்துக்கு வருவோம். நாங்க வருஷா வருஷம் கார்னர் ஸ்டேட் பார்க் போவோம், ஃப்ரியோ ஆத்தங்கரை, கேட்டில இருந்து 260 மைல் கிட்ட. ஐ-10ல சான் அன்டோனியோ, அப்புறம் யுஎஸ்-90 பிடிச்சு சபினல்ல திரும்பணும். என் வண்டில போனப்ப கேலனுக்கு 9 மைல் கொடுத்துச்சு, வழியில ஒரே ஒரு தடவை நிறுத்தினோம், அதுவும் பெட்ரோலுக்கு இல்ல, பாத்ரூமுக்கு. அஞ்சு மணி நேரத்துல டென்ட் அடிச்சு டீ போட்டாச்சு. அடுத்த வருஷம் அவன் வண்டில போனோம். மணிக்கு 62, 63 மைலுக்கு மேல ஓட்டவே இல்ல (அந்த ரோட்டுல லாரிக்காரனெல்லாம் எங்களப் பாத்து தலைல அடிச்சுட்டு போனான்), அப்படியும் ஒரு மைலுக்கு 1.3 கிலோவாட் அவர் தின்னுச்சு. மூணு தடவை சார்ஜ். போய் சேர ஒன்பது மணி நேரத்துக்கு மேல.

இது எங்க வண்டிக்கு மட்டும் நடந்த கதை இல்ல. 2022ல மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை லைட்னிங்ல மூணு கேம்பரை, அதாவது டிராவல் டிரெய்லரை, மாத்தி மாத்தி இழுத்துப் பாத்தாங்க. 3,140 பவுண்டு கேம்பருக்கு 115 மைல், 5,260 பவுண்டுக்கு 100 மைல், 7,218 பவுண்டுக்கு 90 மைல். இந்த மூணு நம்பரையும் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. வெயிட்டு ரெண்டு மடங்குக்கு மேல ஏறுது, தூரம் குறையறது வெறும் 25 மைல். அப்ப சும்மா ஓட்டினா 300 மைல் கிட்ட போற வண்டியோட ரேஞ்ச முழுங்கினது யாரு? வெயிட்டு இல்லங்க, காத்து. பைக்ல பெரிய தெர்மாகோல் ஷீட் ஒண்ண குறுக்க பிடிச்சுட்டு போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும், கால் கிலோ கூட இருக்காது, ஆனா ஆளையே பின்னாடி தள்ளும். டிராவல் டிரெய்லரும் அப்படித்தான், எட்டடி அகலத்துல ஒரு சுவத்த கட்டி இழுக்குற மாதிரி. வேகம் ரெண்டு மடங்கானா காத்து எதிர்க்கிற விசை நாலு மடங்கு. அதனால வெயிட் கம்மி கேம்பர் வாங்கினா எலக்ட்ரிக் தாங்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உயரம் எவ்வளவு, முன்பக்கம் எப்படி இருக்குன்னு கேளுங்க. குட்டையான படகோ, காலி பக்கவாட்டு உள்ள திறந்த டிரெய்லரோ அதே வெயிட்டுல இருந்தாலும் அதிக தூரம் போகும்.

இன்னொரு விஷயம், எலக்ட்ரிக்கத் திட்டுறவங்க இத மறைச்சிடுவாங்க. டோ பண்ணும்போது பெட்ரோல் வண்டிக்கும் பாதி மைலேஜ் போயிடும். என் வண்டி சும்மா ஓடினா 20 மைல் கொடுக்கும், டிரெய்லர் மாட்டினா 9. அடி ரெண்டு பேருக்கும்தான், எலக்ட்ரிக்குக்கு கொஞ்சம் ஜாஸ்தி. பெரிய வித்தியாசம் என்னன்னா ஒரு கேலன் பெட்ரோல்ல இருக்கிற சக்தி 33.7 கிலோவாட் அவர். கணக்குப் போட்டா லைட்னிங்கோட 131 கிலோவாட் அவர் முழுசும் நாலு கேலன் கூட இல்ல! நாலு கேலன வச்சுக்கிட்டு 320 மைல் ஓடுறது பெரிய வித்தைதான், ஒத்துக்கிறேன். ஆனா என்கிட்ட 36 கேலன் இருக்கு. சோத்துப் பானை பெருசா இருக்கிறவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தா தெரியாது, அளந்து வடிக்கிறவன் வீட்டுக்கு வந்தா அன்னைக்கு ராத்திரி பட்டினி.

சரி, பானைய பெருசாக்கினா? அதத்தான் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பண்ணாங்க. செவ்ரோலே சில்வராடோ ஈவில 200 கிலோவாட் அவருக்கு மேல பேட்டரி, 2024 ஒர்க் ட்ரக் மாடலுக்கு 450 மைல்னு அரசாங்க கணக்கு. டிரெய்லர் மாட்டினா பாதிக்குக் கொஞ்சம் கீழனு வச்சாலும் 200 மைல் போகும், டோ பண்றவங்களுக்கு இது நிஜமாவே வேற லெவல், 350 கிலோவாட் வரைக்கும் சார்ஜும் ஏறும். ஆனா வண்டி வெயிட்டே 8,000 பவுண்டுக்கு மேல, விலையும் அதுக்கு ஏத்த மாதிரி. ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்ட்ரக் ரெண்டுக்கும் இழுவை 11,000 பவுண்டுனு ஸ்டிக்கர்ல இருக்கும், லைட்னிங்கோட 10,000ஐ விட ஜாஸ்தி, ஆனா பேட்டரி கிட்டத்தட்ட அதே அளவுதான், கதையும் அதேதான். முதல்ல வந்த ஹம்மர் ஈவி 9,000 பவுண்டு எடைய வச்சுக்கிட்டு 7,500தான் இழுத்துச்சு, அத பத்தி பேச ஒண்ணுமில்ல.

எல்லாரும் ரேஞ்சையே பேசுறாங்க, எங்க பொறுமைய சோதிச்சது வேற. சார்ஜர் இருக்கிற இடம். பெட்ரோல் பங்குல நேரா நுழைஞ்சு நேரா வெளிய வரலாம். சார்ஜர் எல்லாம் கடை பார்க்கிங்ல, மூக்க சுவத்துப் பக்கம் விட்டு நிறுத்துற மாதிரி. டிரெய்லர மாட்டிட்டே நிறுத்தினா பின்னாடி நாலு பேரோட வழி அடைபடும். முதல் இடத்துல காலியா இருந்ததால குறுக்க போட்டு சமாளிச்சோம். ரெண்டாவது இடத்துல ஆறு சார்ஜர், ரெண்டு செத்துப் போச்சு, மூணுல ஆளு. பின்னாடி ஒரு அம்மா ஹாரன் அடிச்சுட்டே இருந்தாங்க. வேற வழியில்லாம டிரெய்லர கழட்டினோம். வெளிய 102 டிகிரி, நம்ம கணக்குல 39. சக்கரத்துக்கு கட்டை வைக்கணும், ஜாக்க சுத்தி முன்பக்கத்த தூக்கணும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார் (டிரெய்லர் பாரத்த எல்லா சக்கரத்துக்கும் பங்கு போடுற கம்பி) ரெண்டையும் கம்பி போட்டு நெம்பிக் கழட்டணும், சங்கிலி, ஏழு பின் ஒயரு, பிரேக் கேபிள். கழட்ட பத்து நிமிஷம். சார்ஜ் 15ல இருந்து 80 சதவீதம் வர 41 நிமிஷம்னு கம்பெனி சொல்லுது, அன்னைக்கு அம்பதாச்சு. திரும்ப மாட்ட இருபது நிமிஷம், ஏன்னா பார் ஒண்ணு உக்கார மாட்டேன்னு அடம். டிரெய்லர பார்க்கிங் ஓரத்துல விட்டதுக்கு செக்யூரிட்டி வந்து விசாரிச்சான், அது தனி. எங்க அத்தை டிரெய்லர் படில உக்காந்து புளியோதரைய பிரிச்சுட்டு கேட்டாங்க, "மாப்ள, இது எத்தனாவது ஸ்டாப்பு, கார்ப்பரேஷன் பஸ் கூட இவ்வளவு நிக்காதே." நண்பன் வாயே திறக்கல.

பைலட், ஃப்ளையிங் ஜே நெடுஞ்சாலை கடைகள்ல ஜிஎம்மும் சார்ஜர் கம்பெனி ஈவிகோவும் சேர்ந்து டிரெய்லரோடயே நுழையற மாதிரி சார்ஜர் போட்டுட்டு வர்றாங்க. அந்த மாதிரி இடம் உங்க ரூட்டுல இருக்கான்னு வண்டி வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க, அப்புறம் இல்ல.

செலவு விஷயத்துலயும் நினைச்சதுக்கு நேர் எதிரா போச்சு. கேலன் 3 டாலர்னு வச்சா என் வண்டிக்கு போக மட்டும் 29 கேலன், 87 டாலர். லைட்னிங்குக்கு 340 கிலோவாட் அவர் கிட்ட. அதுல வீட்டுல ஏத்தினது 120, யூனிட் 13 சென்ட், 16 டாலர். மீதிய ரோட்டுல 55 சென்ட்டுக்கு ஏத்தினோம், 120 டாலர். கூட்டினா 136. வீட்டுக் கரண்டுல ஓடினா மைலுக்கு 17 சென்ட், பெட்ரோலுக்கு 33, ரோட்டோர சார்ஜருக்கு 70க்கு மேல. அதாவது வீட்டுல ஏத்தி ஓட்டினா பாதி விலை, வெளிய ஏத்தினா ரெண்டு மடங்கு.

அதனாலதான் எங்க தெருவுல புல் வெட்ட வர்றவர் லைட்னிங் வச்சு சந்தோஷமா இருக்கார். திறந்த டிரெய்லர், அதுல ரெண்டு புல் வெட்டுற மெஷின், எல்லாம் சேர்த்து 3,000 பவுண்டு. ஒரு நாளைக்கு 40, 50 மைல், எல்லாம் ஊருக்குள்ள மெதுவா, ராத்திரி வீட்டுல சார்ஜ். வண்டில இருக்கிற பிளக்குலயே டிரிம்மர் பேட்டரி எல்லாம் ஏத்திக்கிறார். அவர்கிட்ட போய் ரேஞ்ச்னு பேசினா சிரிக்கிறார், வாரத்துக்கு பெட்ரோலுக்கே எவ்வளவு போச்சுன்னு தெரியுமான்னு கேக்குறார்.

இதுக்கு நேர் எதிர்க்கோடியிலயும் ஒரு ஆளு இருக்கான், 15,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் (பிக்கப் தொட்டிக்குள்ளேயே மாட்டுற பெரிய டிரெய்லர்), குதிரை டிரெய்லர், டிராக்டர் இழுக்கிறவன். அவனுக்கு டீசல் தவிர வேற பேச்சே இல்ல. எஃப்-450 டீசல், தொட்டிக்குள்ள மாட்டுற கூஸ்நெக் கொக்கில 40,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும், எலக்ட்ரிக் பிக்கப் எதுவும் அந்தப் பக்கமே வரல.

கம்பெனிக்காரங்களுக்கும் இது புரிஞ்சிருக்கு. ராம் கம்பெனி 2025 செப்டம்பர்ல பேட்டரி மட்டும் உள்ள 1500 பிக்கப் திட்டத்தையே கைவிட்டுட்டு, 92 கிலோவாட் அவர் பேட்டரியோட ஒரு வி6 எஞ்சின ஜெனரேட்டரா வச்ச வண்டிப் பக்கம் போயிட்டாங்க, 690 மைல் ஓடும், 14,000 பவுண்டு இழுக்கும்னு சொல்றாங்க. ஃபோர்டும் 2025 டிசம்பர்ல, அடுத்த லைட்னிங் அதே மாதிரி ஜெனரேட்டரோட வரும், 700 மைலுக்கு மேலனு அறிவிச்சாங்க. சக்கரத்த சுத்துறது மோட்டார், அதனால அந்த இழுவை சுகம் அப்படியே இருக்கும், பங்குல நேரா நுழைஞ்சு நேரா வெளிய வரலாம். டோ பண்றதுக்காகவே பிக்கப் வாங்குறவங்க, அவசரம் இல்லன்னா, அது ரோட்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருங்கன்னுதான் சொல்வேன். வாரத்துல ஆறு நாள் ஆபீசு, ஸ்கூலு, மாசம் ஒரு தடவை 80 மைலுக்குள்ள ஏதாவது இழுக்கிறதுன்னா இப்பவே செகண்ட் ஹேண்டுல ஒரு லைட்னிங்க தேடலாம், தப்பே இல்ல.

நாங்க கடைசில ஒரு உடன்பாட்டுக்கு வந்துட்டோம். டிரெய்லர் என் வண்டி பின்னாடி. அவன் பசங்கள ஏத்திட்டு காலியா வருவான், வழியில ஒரே சார்ஜ். போய் சேர்ந்ததும் அவன் வண்டில இருந்து 9.6 கிலோவாட் வரைக்கும் கரண்ட் எடுக்கலாம், போன தடவை இண்டக்‌ஷன் அடுப்பு, கிரைண்டர், டிரெய்லர் ஏசி எல்லாம் ரெண்டு நாள் ஓடிச்சு. பக்கத்து கேம்ப்ல ஜெனரேட்டர் தடதடன்னு அடிச்சுட்டு இருக்க, அத்தை ஆத்தங்கரைல சத்தமே இல்லாம இட்லிக்கு மாவு அரைச்சாங்க.